ஜெனரிக் மருந்துகள்: பணியாளர்கள் கேட்ட கேள்விகளும் நலப் பிரிவின் பதில்களும்

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனையில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பதாகத் தெரிந்தவர்களுள் பலர் மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்வதில்லை என்பதை, மருத்துவ அறையில் அவர்களோடு பேசும்போது அறிந்தோம். மறதி, சலிப்பு என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. மாதக் கடைசியில் பணம் போதாததால் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னவர்களும் இருந்தார்கள். அதன்பிறகுதான் ஜெனரிக் மருந்துகளைப் பற்றிப் பணியாளர்களிடம் பேசத் தொடங்கினோம். அப்போது கேட்கப்பட்ட கேள்விகளையும் எங்கள் பதில்களையும் இங்கே தருகிறோம்.

ஜெனரிக் மருந்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று, அதிலுள்ள மூலப்பொருளின் பெயர்; மூலப்பெயர், பொதுப்பெயர் என்றும் அதைச் சொல்வார்கள். மற்றொன்று, அதை விற்கும் நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர். பாராசிட்டமால் என்பது மூலப்பொருளின் பெயர். டோலோ, கால்பால், குரோசின் ஆகியவை வணிகப் பெயர்கள். புதிய மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு 20 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அது முடிந்தபின் உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் அதே மூலப்பொருளை, அதே அளவில், அதே வடிவில் தயாரித்து விற்கலாம். அப்படித் தயாராவதே ஜெனரிக்.

நம் நாட்டில் இந்தச் சொல் சற்றுக் குழப்பத்துக்கு உள்ளாகிவிட்டது. தெருமுனை மெடிக்கலில் நாம் ‘பிராண்டு’ என்று நம்பி வாங்கும் மாத்திரைகளுள் பெரும்பாலானவை, காப்புரிமை முடிந்த மருந்துக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயர் வைத்து விற்பவையே. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் மாத்திரையை நம்மில் பெரும்பாலோர் விழுங்குவதில்லை. ஆகவே, நீங்கள் பல ஆண்டுகளாக ஜெனரிக்தான் உட்கொண்டு வருகிறீர்கள். பெயருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வருகிறீர்கள் என்பதே வேறுபாடு.

ஒரே மருந்து என்றால் விலையில் ஏன் இத்தனை இடைவெளி?

மாத்திரையில் இருக்கும் வேதிப்பொருளின் அடக்க விலை பெரும்பாலும் மிகச் சிறியது. மருத்துவர்களைச் சந்திக்கும் விற்பனைப் பிரதிநிதிகளின் சம்பளம், மாதிரிகள், விளம்பரம், மொத்த வணிகர், சில்லறைக் கடை எனப் பல கைகள் மாறி அது வருவதால் விலை ஏறுகிறது. காப்புரிமை இருக்கும்வரை போட்டியும் இருப்பதில்லை.

அந்தப் பூட்டு திறந்தால் என்ன நடக்கும் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் அண்மையில் இரண்டு முறை கண்டார்கள். சிட்டாகிளிப்டின் மருந்தின் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. சில வாரங்களிலேயே மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் அதன் 50 மில்லிகிராம் மாத்திரைகள் பத்து கொண்ட அட்டை 60 ரூபாய்க்கு வந்தது. எம்பாகிளிஃப்ளோசின் ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்த கையோடு, சில நிறுவனங்கள் அதைப் பத்து ரூபாய்க்கும் குறைவாகச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பழைய சீட்டையே காட்டிப் பழைய பெயரையே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்த மாற்றத்தை அறியாமலே போகக்கூடும். உங்கள் மாத்திரைக்கு மாற்று வந்துள்ளதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் கேளுங்கள்.

விலை குறைந்தால் தரமும் குறையத்தானே செய்யும்?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இதற்கு ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது.

ஜெனரிக் மருந்துக்குத் தனியாக ஒரு தாழ்ந்த தர விதி கிடையாது. வணிகப் பெயருடன் வந்தாலும் பொதுப்பெயருடன் வந்தாலும், இந்திய மருந்தியல் நூல் வகுத்த அதே அளவுகோல்களைத்தான் மாத்திரை நிறைவு செய்ய வேண்டும். அட்டையில் மருந்தின் பெயரை அடுத்து ‘ஐ.பி.’ என்ற இரண்டு எழுத்துகள் இருப்பதன் பொருள் அதுவே. நீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு, முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் மூல மருந்துக்கு இணையாக அவை இரத்தத்தில் சேர்கின்றனவா என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டிய பிறகே உற்பத்தி உரிமம் தரப்படும் என்று 2017 ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்பே உரிமம் பெற்றவையும் சந்தையில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றுள் பெயர் பெற்ற பிராண்டுகளும் அடக்கம்.

இந்தச் சோதனையில், இரத்தத்தில் சேரும் அளவு மூல மருந்தினுடையதில் ‘80 முதல் 125 விழுக்காடு வரை’ என்று ஓர் எல்லை வரும். அதைப் பார்த்துவிட்டு, ஜெனரிக் மாத்திரையில் மருந்து இருபது விழுக்காடு குறைவாக இருக்கலாம் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. சோதனையில் கிடைக்கும் சராசரி மட்டுமன்றி, அதன் புள்ளியியல் பிழை வீச்சு முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பன்னிரண்டு ஆண்டுகளில் தன்னிடம் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலில் சேரும் மருந்தின் அளவில் மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் இருந்த சராசரி வேறுபாடு சுமார் 3.5 விழுக்காடுதான். அந்நாட்டில் பத்து மருந்துச் சீட்டுகளில் ஒன்பதுக்கு ஜெனரிக்தான் வழங்கப்படுகிறது. அதில் கணிசமான பங்கு இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து போவது.

நம் ஊர் நிலவரம் அந்த அளவுக்கு ஒழுங்கானது என்று நாங்கள் சொல்லவில்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரம் குறைந்தவை எனச் சோதனையில் கண்டறிந்த மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் பெயர் தெரியாத நிறுவனங்களும் வரும். பெயர் பெற்ற நிறுவனங்களும் வரும். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகி, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்தை யாரும் மறந்திருக்க முடியாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு அதில் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டது. அது பெயரில்லாத மருந்தன்று. கோல்ட்ரிஃப் என்ற வணிகப் பெயருடன் விற்றது. ஆகவே தரத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே; ஆனால் கூடுதல் விலை கொடுப்பது அந்த அச்சத்துக்கு மருந்தாகாது. எங்கிருந்து வாங்கப்பட்டது, யார் சோதித்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மக்கள் மருந்தகங்களுக்கு உலக சுகாதார அமைப்பின் நல்லுற்பத்தி நெறிச் சான்று பெற்ற நிறுவனங்களிடமிருந்தே கொள்முதல் நடக்கிறது; ஒவ்வொரு தொகுதியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பின்பே கடைக்கு வருகிறது.

நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அரசு மருத்துவமனை மாத்திரையில்தான் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கித் தருவது பொதுப்பெயர் மருந்துகளைத்தான்.

எங்கள் மருந்துச் செலவு குறைவதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

நேரடி லாபம் மிகக் குறைவு என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. உங்களுக்காக நிறுவனம் எடுத்துள்ள குழுக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் செலவுக்கானது. மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரை அதில் வராது. ஆகவே அங்கே மிச்சமாகும் பணம் உங்கள் சட்டைப்பையில்தான் தங்கும்.

மறைமுக லாபம் உண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை. மாத்திரையை விட்டு விட்டு உட்கொள்பவருக்கு ஐந்தாறு ஆண்டுகளில் பக்கவாதமோ மாரடைப்போ சிறுநீரகப் பாதிப்போ வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது எழும் மருத்துவமனைக் கோரிக்கைகள் மிகுந்தால், மறு ஆண்டு காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்தும். அனுபவமுள்ள ஒரு தொழிலாளி மூன்று மாதம் வராமல் போவதன் இழப்பு அதைவிடப் பெரியது. தடையில்லாமல் விழுங்கப்படும் மலிவான மாத்திரை, பாதி நாள் டப்பாவிலேயே கிடக்கும் விலையுயர்ந்த மாத்திரையைவிட நமக்கு, அதாவது இரு தரப்புக்கும், நல்லது என்பதே எங்கள் கணக்கு.

நான் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறேன். இது எனக்குப் பொருந்துமா?

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே மருந்து இலவசம். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அந்த உரிமை உண்டு. வரிசையில் நிற்க அலுத்துக்கொண்டு வெளியே வாங்குபவர்களுக்கு மட்டும் இந்தப் பக்கம் பயன்படும்.

மெடிக்கலில் ‘ஜெனரிக் கொடுங்கள்’ என்று கேட்டால் போதாதா?

போதாது, அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, சட்டம். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் வகை மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாக மாற்றித் தர மருந்து விதிகள் இடம் தருவதில்லை. உள்ளே இருப்பது அதே மூலப்பொருளாக இருந்தாலும் அப்படித்தான். சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் மருந்தாளுநரின் கை கட்டப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, வணிகம். மருத்துவர்களிடம் விளம்பரம் செய்யாமல் கடைகள் வழியாகவே தள்ளிவிடப்படும் ஒருவகை ஜெனரிக் உண்டு. அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலை பிராண்டின் விலையை ஒட்டியே இருக்கும். கடைக்காரர் வாங்கிய விலையோ அதில் சிறு பகுதி. இடையிலுள்ள தொகையில் நமக்கு எவ்வளவு தள்ளுபடி தருவது என்பது அவர் மனம். ‘பத்து விழுக்காடு குறைத்துத் தருகிறேன்’ என்று அவர் சொல்லும்போது நாம் மகிழ்ந்துபோகிறோம். பெரும்பகுதி அவரிடமே நின்றுவிடுகிறது. ஜெனரிக் என்ற பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். விலையைப் பார்த்து வாங்குங்கள்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது? கோபித்துக்கொள்ள மாட்டாரா?

தயக்கம் புரிகிறது. ‘இதைவிட மலிவாக எழுதுங்கள்’ என்று கேட்டால் அவருடைய தீர்மானத்தையே ஐயுறுவதுபோல் ஒலிக்கும். மாறாக, “டாக்டர், இந்த மருந்துகளின் மூலப்பெயரையும் சேர்த்து எழுதித் தர முடியுமா? மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது, மக்கள் மருந்தகத்தில் வாங்கலாமென்று இருக்கிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்ட நம் பணியாளர்களுள் பெரும்பாலோருக்கு மறுப்பு வரவில்லை. ஒருவரிடம் மட்டும், ‘அந்த மாத்திரைக்கு நான் பொறுப்பில்லை’ என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

மருத்துவர்கள் பொதுப்பெயரில், தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ ஒழுங்குமுறை விதி 2016இலேயே திருத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதை மேலும் கடுமையாக்கிப் புதிய விதிகளை வெளியிட்டது. தரத்தை உறுதி செய்யாமல் இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மருத்துவர் சங்கம் எதிர்த்ததால், அதே மாதத்தில் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. மருத்துவர்களின் கவலையில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மருந்து வேலை செய்யாவிட்டால் நோயாளி திரும்பி வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

எங்கே வாங்கலாம்?

‘மக்கள் மருந்தகம்’ என்று பலகை மாட்டியிருக்கும் மத்திய அரசுத் திட்டக் கடைகள் நாடெங்கும் உள்ளன. 2008இல் தொடங்கிய திட்டம் இது. ‘ஜன் ஔஷதி சுகம்’ என்ற செயலியில் அருகிலுள்ள கடையையும் மருந்தின் விலையையும் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் ‘முதல்வர் மருந்தகம்’ 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளுடன் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தியல் படித்த தொழில்முனைவோரும் அவற்றை நடத்துகிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைகளில் நான்கு மருந்து கேட்டால் மூன்று இருக்கும். நான்காவது ‘அடுத்த வாரம் வரும்’ என்பார்கள். கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகு கிளம்பாமல், கையில் பத்து நாள் இருப்பு இருக்கும்போதே போவது நல்லது.

சரியான மருந்துதான் கிடைத்தது என்று எப்படி உறுதி செய்வது?

பழைய அட்டையையும் புதிய அட்டையையும் மேசைமேல் பின்புறம் தெரியும்படி அருகருகே வையுங்கள். முன்பக்கத்துப் பெரிய பெயரை மறந்துவிடுங்கள். முதலில் மூலப்பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், அட்டெனலால் போன்றவை அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு மூலப்பொருள்கள் கலந்த மாத்திரையானால் இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். டெல்மிசார்டன் மட்டும் உள்ளதும், டெல்மிசார்டனோடு சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்ததும் வேறு வேறு. அடுத்து மில்லிகிராம். அதற்கடுத்து, பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். போன்ற எழுத்துகள்: மருந்து மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்யப்பட்டது என்பதை அவை குறிக்கும். பழையதில் இந்த எழுத்துகள் இருந்து புதியதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கடைசியாக விலை. ஓர் அட்டையில் பத்து மாத்திரை, மற்றொன்றில் பதினைந்து இருக்கும். அட்டை விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்த பிறகே எது மலிவு என்பது தெரியும். முதல் மாதம் இந்த ஒப்பீட்டைத் தனியாகச் செய்ய வேண்டாம். இரண்டு அட்டைகளையும் மருத்துவ அறைக்குக் கொண்டு வாருங்கள், செவிலியர் பார்த்துச் சொல்வார்.

எந்த மருந்துகளை மாற்றவே கூடாது?

இரத்தத்தில் மருந்தின் அளவு சற்றே ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்தாக முடியும் மருந்துகள் சில உண்டு. வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மனநலத்துக்கான லித்தியம், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை அவ்வகையின. இவற்றில் எந்த நிறுவனத்தின் மாத்திரையில் நிலைமை கட்டுக்குள் இருக்கிறதோ அதிலேயே தொடர்வதுதான் முறை. மருத்துவர் சொல்லாமல் ஜெனரிக்குக்கு மட்டுமல்ல, வேறொரு பிராண்டுக்கும் மாறக் கூடாது. தைராய்டுக்கான லெவோதைராக்சினும் ஏறத்தாழ இப்படித்தான். மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இன்சுலின், மாத்திரைகளைப்போல எளிதில் மாற்றக்கூடியதன்று. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரில் மருந்து ஒன்றாக இருந்தாலும் கருவி மாறினால் இழுக்கும் முறை மாறும்.

மாத்திரையின் நிறம் மாறிவிட்டதால் என் அம்மா உட்கொள்ள மறுக்கிறார்.

நிறமும் வடிவமும் மூலப்பொருளோடு தொடர்பில்லாதவை; சாயமும் பூச்சும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பத்து ஆண்டுகளாக ‘காலையில் வெள்ளை, ராத்திரி ரோஸ்’ என்று நினைவு வைத்திருப்பவரிடம் இதை விளக்கிப் பயனில்லை. நிறம்தான் அவருக்கு எழுத்து. ஒரே நேரத்தில் எல்லா மாத்திரைகளையும் மாற்றாமல், மாதத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். மாற்றுவதற்கு முந்தைய வாரமும் மூன்று வாரம் கழித்தும் இரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் பழையதையே வாங்கிக் கொடுங்கள்; மிச்சமாகும் நூறு இருநூறு ரூபாயைவிட அவர் தவறாமல் உட்கொள்வது பெரிது.

ஜெனரிக்தான் வாங்க வேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்துமா? என் நோய் விவரம் மேற்பார்வையாளருக்குத் தெரியவருமா?

இரண்டும் நடக்காது. நிறுவனம் தரும் ஆண்டு மருத்துவப் படியை எந்த மருந்துக்கும் பயன்படுத்தலாம். ரசீதுகள் நலப் பிரிவோடு நின்றுவிடும்; உங்கள் பிரிவுத் தலைவருக்குத் தொகைகூடத் தெரியாது.

வீட்டில் மீதமிருக்கும் பழைய அட்டையை என்ன செய்வது?

முதலில் அதை முடியுங்கள். முடிந்த மறுநாள் புதியதைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பணியாளர் ஒருவர் இரவுப் பணியில் இயந்திரத்தருகே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மருத்துவ அறையில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 90க்கும் கீழே இருந்தது. மறுநாள் அவர் மனைவி கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு அட்டைகள் இருந்தன: ஒன்று, பழைய வணிகப் பெயர் மாத்திரை, மற்றொன்று, மக்கள் மருந்தகத்தில் வாங்கிய அம்லோடிபின். பெயரும் நிறமும் வேறாக இருந்ததால், புதிதாக ஒரு மாத்திரை சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி, நான்கு நாளாக இரண்டையும் அவர் விழுங்கியிருக்கிறார். மருந்தில் குறையில்லை, கடையிலும் குறையில்லை. மாற்றச் சொன்ன நாங்கள் பழையதை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டோம். அன்றிலிருந்து, மருந்து மாற்றும் ஒவ்வொருவருக்கும் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே வரியில் எழுதி, ‘இதற்குப் பதில் இது’ என்று குறித்த சிறு அட்டை ஒன்றை மருத்துவ அறையில் தருகிறோம். அதை மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.